நூறு பன்றிகளும் இரண்டு விரல்களும்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு, பாயில் காலை நீட்டிப் படுத்தபோதுதான் பெனியின் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருப்பதை அவர் மனைவி லோசா பார்த்தாள். பார்ப்பதற்கு முன்னால் வாடை வந்தது.

“யோவ், என்னமோ கருகுது. அடுப்புக் கல்லுக்கடியில எதையாவது விட்டுட்டியா?”

“எல்லாத்தையும் தின்னாச்சே, அப்புறம் என்ன இருக்கு கருக?”

“உன் காலுய்யா! காலைப் பாரு!”

பெனி பார்த்தார். கட்டை விரலும் அதற்கு அடுத்ததும் சுட்ட சீமைப்பலாத் தோல் மாதிரி இருந்தன. வலிக்கவே இல்லை. அதுதான் வினை. சர்க்கரை நோய் வந்து பாதத்தில் உணர்ச்சி செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. பெனி ஓட்டுவது மர உடம்பு வைத்த பழைய பஸ். நெற்றியில் ‘பொறுமையின் பலன்’ என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கும். தீவில் பாதிப் பேர் அதில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து தலைநகர் ஆப்பியாவுக்குப் போய் வருகிறவர்கள். செருப்பில்லாமல்தான் அவர் ஓட்டுவார். ஆக்சிலேட்டருக்குக் கீழே இருக்கும் இரும்புத் தகடு எஞ்சின் சூட்டில் பழுத்துக் கிடக்கும். உணர்ச்சி உள்ளவன் காலை இழுத்துக்கொள்வான். பெனி இழுக்கவில்லை. கால் வெந்திருக்கிறது, அவர் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தெலேசியா சின்னப் பெண். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் பெனியின் பஸ்ஸில் யாராவது ஒரு அத்தையின் மடியில் உட்கார்ந்து போனவள். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தாள். முகம் மாறிற்று.

“பெனி மாமா, இது...” என்று வாயைத் திறந்தாள். அறையின் மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். தெலேசியா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் சொல்ல வந்தது ஒரே ஒரு வாக்கியம். இந்த வாரமே இரண்டு விரலை எடுத்துவிட்டால் கால் மிஞ்சும், தள்ளிப்போட்டால் கால் போகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் சொல்லக் கூடாது. போன வருடம் அபாயச் சித்திர வாரியம் என்று ஒன்று வந்திருந்தது. வெளிநாட்டு நிதியில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, ‘பார்த்தால் போதும்’ என்று வாசலில் பொறித்து வைத்திருந்தார்கள். டாக்டரின் வாயிலிருந்து வரும் சொல் நோயாளியைப் பயமுறுத்துகிறதாம், படம்தான் அறிவூட்டுகிறதாம். ஆகவே உடம்புக்கு வரப்போகும் எந்த ஆபத்தையும் இனி யாரும் வாயால் சொல்லக் கூடாது. அவரவர் வயதுக்கேற்ற படத்தைக் கையில் கொடுக்க வேண்டும். நோயாளி பார்த்து, தானே முடிவெடுத்து, தானே வந்து சொல்ல வேண்டும். அதுவரை கத்தியைத் தொடக் கூடாது. இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அறைக்கு ஒரு வாய்க் காவலர் போட்டிருந்தார்கள். காயத்துக்குக் கட்டும் துணி தீர்ந்துபோய் மூன்று மாதம் ஆகிறது, வாய்க் காவலருக்கு மட்டும் பஞ்சமில்லை.

தெலேசியா கண்ணால் பெனியைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலை நீட்டி, கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினாள்.

“டாக்டர்,” என்றார் காவலர் மிக மரியாதையாக. “சைகையும் ஒரு படம்தான். வாரியத்தின் அனுமதி பெறாத படம்.”

அவள் கையைக் கீழே போட்டாள். பெனிக்கு வயது அறுபத்தொன்று. அறுபதுக்கு மேற்பட்டோருக்கான படத்தை எடுத்து நீட்டினாள்.

வழவழப்பான பெரிய தாள். அதில் வரிசை வரிசையாக நூறு பன்றிகள். எழுபது வெள்ளை, முப்பது சிவப்பு. ஒரு எழுத்து கிடையாது. படம் தானே பேசும் என்பதால் எழுத்தையும் தடுத்திருந்தார்கள்.

பெனி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “சரிம்மா, புரிஞ்சுது. நீ நல்லா இரு,” என்று தெலேசியாவின் தலையைத் தொட்டுவிட்டு எழுந்தார். வாய்க் காவலர் திருப்தியோடு ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே மாமரத்தடியில் வந்ததும் லோசா பிடித்துக்கொண்டாள். “என்னய்யா புரிஞ்சுது? எனக்கு ஒரு எழவும் புரியல.”

“எழவுதான் புள்ள. என் எழவு.”

“என்ன உளர்ற?”

“பன்னிய இந்த மாதிரி வரிசையா வெச்சு எங்க பாத்திருக்க? சொல்லு. என் ஆயுசுல ரெண்டு தடவ பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் முன்னால பொணப் பெட்டி இருந்துச்சு.”

லோசா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். சாவு வீட்டு முற்றத்தில் தென்னங்கீற்றைப் பரப்பி, பன்றிகளை அடுக்கி, எந்தப் பன்றி எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று ஊர்ப் பேச்சாளர் தடியை ஊன்றி உரக்கக் கூவுவாரே, அச்சு அசலாக அதே காட்சி.

“செவப்பு எது, வெள்ள எது?” என்றாள்.

“செவப்பு சுட்டது. வெள்ள இன்னும் சுடாதது. சொந்தக்காரங்க கொண்டாந்துக்கிட்டே இருக்காங்க.”

“உனக்கு நூறு பன்னியா! யோவ், பெரிய தலைவர் செத்தப்பவே அம்பதுதான் வந்துச்சு. நீ செத்தா உன் தம்பி நாலு கொண்டாந்தா அதிகம்.”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. கவர்மென்ட்டே குடுக்குது போல.”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. லோசா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சாகப்போகிறவனுக்கு எதற்கு வைத்தியம் என்று பெனி அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல பஸ்ஸை ஓட்டினார். ஏறுகிறவர்களிடமெல்லாம் பழைய சண்டைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். தம்பியிடம் பஸ்ஸை ஒப்படைப்பது பற்றிப் பேசினார். தம்பி அழுதான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லோசாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சாகிற ஆள் இப்படியா வளைத்து வளைத்துச் சாப்பிடுவான்? ஒரு நாள் துணிந்து கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்விட்டாள். உள்ளே குளிர் எலும்பைக் குத்தியது. வாரியத்தின் இயக்குநர் டாக்டர் இயோசெஃபாவும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த பெண் சித்திர நிபுணர் பிரான்வினும் அவளை வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். அந்தக் கட்டடத்துக்கு நோயாளி வீட்டு ஆள் ஒருவர் வருவது அதுவே முதல் தடவை.

“என் புருஷன் சாகப்போறாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க,” என்றாள் லோசா.

“அருமையான கேள்வி!” என்றார் பிரான்வின். “உங்களுக்கு வயசு என்னம்மா?”

“அம்பத்திரண்டு. என் வயசு எதுக்கு? கால் அவரோடது.”

“நீங்க உங்க கணவர் படத்தைப் பாத்திருக்கக் கூடாது. அது அறுபதுக்கு மேல உள்ளவங்க மூளைக்கு வரைஞ்சது. உங்களுக்கு இதுதான்.” இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். நூறு பன்றிகள் இருந்த இடத்தில் நூறு சின்ன மனிதர்கள். முப்பது பேர் சிவப்பு.

லோசா உற்றுப் பார்த்தாள். “இதுல என் புருஷன் யாரு?”

பிரான்வினுக்குக் கண்கள் மின்னின. “பாத்தீங்களா டாக்டர்? நாப்பதுல இருந்து அம்பத்தொம்பது வரைக்கும் உள்ளவங்க படத்துக்குள்ள தங்கள் ஆளைத் தேடறாங்க! இதக் கட்டுரையாவே எழுதலாம்.”

“கட்டுரை கிடக்கட்டும் தாயி. அறுபது வயசானா மனுசனுக்கு மனுசன் அடையாளம் தெரியாதா? அவருக்கு எதுக்குப் பன்னி?”

“ஆராய்ச்சி செஞ்சோம்மா,” என்றார் இயோசெஃபா, பொறுமையாக. “முதியோர் பல பேரைக் கூப்பிட்டு, கோடு, மனிதன், பன்றி மூணையும் காட்டி, எது பிடிக்குதுன்னு கேட்டோம். எல்லாரும் பன்றின்னாங்க.”

“எப்பக் கேட்டீங்க?”

“மதிய சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால.”

லோசா தாளிலிருந்த சிவப்பு மனிதர்களை விரலால் தட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அந்தச் செவப்புக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம வரைவோமா?”

“அப்ப சொல்லுங்களேன்.”

இயோசெஃபா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொற்பொழிவு செய்யும்போது அவருக்கு ஏட்டு நடையில் ஒரு மேடைக் குரல் வந்துவிடும். “அம்மா, இந்த வாரியத்தின் கொள்கை என்ன? நாங்கள் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. முன்பெல்லாம் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லுவார், நோயாளி அழுவார், உறவினர் அழுவார், ஆஸ்பத்திரியே இரைச்சலாக இருக்கும். இன்று போய்ப் பாருங்கள். எவ்வளவு அமைதி! ஏன்? அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. புரியாதவன் அழ மாட்டான், கேள்வி கேட்க மாட்டான், டாக்டர் மேல் வழக்குப் போடவும் மாட்டான். இதைத்தான் உலக அரங்கில் நோயாளியின் மன நிம்மதி என்கிறோம். போன வருடம் ஒரு புகார்கூட வரவில்லை.”

“போன வருசம் எத்தனை பேருக்குக் கால் போச்சு?”

“அது ஆஸ்பத்திரிக் கணக்கு. படம் பிடித்திருந்ததா என்பது மட்டும்தான் எங்கள் கணக்கு.”

லோசா அவரை மேலும் கீழும் பார்த்தாள். தலை நரைத்திருந்தது. “உங்களுக்கும் அறுபது தாண்டியிருக்கும் போலிருக்கே. உங்க உடம்புக்கு ஒண்ணுன்னா, நீங்களும் பன்னியத்தான் பாப்பீங்களா?”

“எனக்கு இருதயத்துல ஒரு அடைப்பு இருந்துச்சு,” என்றார் இயோசெஃபா, மேடைக் குரலை மறந்து. “நியூசிலாந்துல பாத்தேன். அங்க டாக்டர் வாயாலேயே சொல்லிட்டாரு. ரொம்ப நல்ல மனுசன். அதனாலதான் பொழைச்சேன்.”

சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக் குடித்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

லோசா போன வேலை நடக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. கிளம்பும்போது, பன்றி வரிசை என்றால் சாவு என்று அவள் கத்திவிட்டு வந்ததை பிரான்வின் வரிக்கு வரி எழுதிக்கொண்டார். வாரியமே பரபரத்துப்போயிற்று. பன்றிக்குப் பதில் எதைப் போடலாம் என்று மாதக் கடைசியில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டினார்கள். அதற்கு முதியோர் பிரதிநிதியாகப் பெனியையே அழைத்தார்கள். கார் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இந்த நாட்டில் அவருக்கு யாரும் கார் அனுப்பியதில்லை.

அதற்குள் பெனியின் பாதம் முழுக்க வீங்கி, கறுப்பு கணுக்காலுக்கு ஏறியிருந்தது. காய்ச்சல் அடித்தது. லோசா தாங்கிப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். கழுத்தில் மாலை போட்டார்கள். கையில் மூன்று அட்டைகள் கொடுத்தார்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். படம் வரும்போது எந்த முகம் தோன்றுகிறதோ அதைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

திரையில் நூறு சீமைப்பலா வந்தது. பிறகு நூறு மீன் டப்பா. பிறகு நூறு சர்ச் கோபுரம். போதகர் ஒருவர் எழுந்து, முப்பது கோபுரம் சிவப்பாக இருப்பது எந்தச் சபையைக் குத்திக் காட்டுகிறது என்று கேட்டார். அந்த வாக்குவாதம் வெகுநேரம் நடந்தது. பெனி ஒவ்வொரு படத்துக்கும் அழுகிற முகத்தையே தூக்கிக் காட்டினார். அது சிறுபான்மைக் கருத்து என்று பதிவாயிற்று.

நடுவே இயோசெஃபா மூக்கை உறிஞ்சினார். “ஆகா! அடுப்பைத் திறந்துட்டாங்க போல. கருகின வாசனை வருது. சாப்பாட்டுக்குப் போகலாமா?”

லோசா எழுந்து நின்றாள். “அது அடுப்பு இல்லைங்க. என் புருஷன்.”

பிரான்வின்தான் முதலில் வாயைத் திறந்தார். “ரொம்ப வலுவான வாக்கியம். யாராவது குறிச்சுக்கோங்க.”

அட்டைகளைப் பங்கிட்டுக் கொடுக்க வரவழைக்கப்பட்டிருந்த டாக்டர் தெலேசியா சுவரோரம் நின்றிருந்தாள். கையிலிருந்த அட்டைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மண்டியிட்டுத் துணியை அவிழ்த்தாள். ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

“மாமா, அந்தப் பன்னிங்க உங்க சாவுக்கு இல்ல...”

“டாக்டர்! வாய்!” என்று பின்னாலிருந்து ஒரு நீலச் சட்டை கத்திற்று.

“அந்த முப்பது செவப்பும் தள்ளிப்போட்டுக் கால் போனவங்க. அன்னைக்கே ரெண்டு விரலை எடுத்திருந்தா உங்க கால் தப்பிச்சிருக்கும். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே எடுக்கணும். இல்லன்னா உயிர் போயிடும் மாமா.”

“வாய்! வாய்!”

பெனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானா?” என்றார். “நான் ஒரு கியர் மாத்தற நேரம்கூட ஆகலையே புள்ள. இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஆகாதா?”

தெலேசியா அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு தேம்பினாள். லோசாவுக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எதுவும் செய்யாமல், பெனியின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி இயோசெஃபாவின் மேஜையில் எறிந்தாள். பெனியை வாரியத்தின் காரில் ஏற்றினார்கள். கூட்டத்தார் சாப்பிடப் போனார்கள்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. கால் போயிற்று. தெலேசியாவை, வாயை அடக்கும் பயிற்சி முடியும்வரை, மாதம் ஒரு தடவை படகு போகும் ஒரு தீவுக்கு மாற்றினார்கள்.

பெனி எழுந்து உட்காரத் தொடங்கியதும் இயோசெஃபாவும் பிரான்வினும் வார்டுக்கே வந்தார்கள். ஒரு பெரிய சுருளைக் கொண்டுவந்திருந்தார்கள். “உங்களாலதான் இது பிறந்தது, ஐயா,” என்று விரித்துக் காட்டினார்கள். நூறு பஸ்கள். முப்பது சிவப்பு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சள் பட்டை.

“இதுல எத்தனை சிவப்பு இருக்கு, சொல்லுங்க?” என்றார் பிரான்வின்.

“முப்பது.”

“சிவப்புன்னா என்ன?”

“கால் போறது.”

“பாத்தீங்களா!” பிரான்வின் குதிக்காத குறைதான். “ரெண்டு கேள்விக்கும் சரியான பதில்! அறுபதுக்கு மேல உள்ளவங்கள்ல முழுசாப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் இவர்தான்!”

இயோசெஃபா பெனியின் கையைக் குலுக்கினார். லோசா தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தாள். பெனி கண்ணால் தடுத்தார்.

“நூறு பஸ் எதுக்கு ஐயா வீணா?” என்றார். “எங்க வீட்டு முன்னால ஒண்ணு நிக்குது. எந்தச் சேதமும் இல்ல. எஞ்சின் நல்லா இருக்கு, சக்கரம் நல்லா இருக்கு, ஓட்டறவன்தான் இல்ல. தம்பிக்காரன் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்து, பிரேக்கு பிடிக்கலன்னு போட்டுட்டுப் போயிட்டான். அத ஒண்ண மட்டும் படம் எடுத்துட்டுப் போங்க. கால் போறதுன்னா என்னன்னு யாருக்கும் புரியும்.”

ஏளனமாகத்தான் சொன்னார். ஆனால் ஏளனத்தைப் புரிந்துகொள்ளும் வயதுப் பிரிவில் வாரியத்தில் யாரும் இல்லை. மறுநாளே புகைப்படக்காரர் வந்தார். ‘பொறுமையின் பலன்’ கழுவித் துடைத்துப் படம் பிடிக்கப்பட்டது. நெற்றிப் பெயரை மஞ்சள் பட்டையால் மறைத்து, ஆள் உயரத்துக்கு அச்சடித்து, அறுபதுக்கு மேற்பட்டோர் உட்காரும் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். எழுத்து கிடையாது. திறப்பு விழாவில் இயோசெஃபா ஒரு மணி நேரம் பேசினார்.

சில வாரம் கழித்து, புண்ணுக்குக் கட்டு மாற்ற லோசாவோடு பெனி ஊன்றுகோலில் வந்தார். அந்தப் படத்துக்கு அடியில் பெஞ்சு நிறையக் கிழவன் கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் காலில் துணி சுற்றியிருந்தது. எல்லார் மடியிலும் பையும் கூடையும். உள்ளே டாக்டர் அறைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பெனிக்கு முதலில் விளங்கவில்லை. ஓரத்தில் நகர்ந்து இடம் கொடுத்த ஒரு அம்மாள்தான் கேட்டாள்.

“தம்பி, இந்த பஸ் எப்ப வரும்? காலையில இருந்து உக்காந்திருக்கோம்.”

லோசா தலையில் அடித்துக்கொண்டாள். பெனி படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் பாதத்தைப் பார்த்தார். துணிக்கு வெளியே சுண்டு விரல் நுனி கறுத்துத் தெரிந்தது.

“வராதும்மா,” என்றார் உரக்க. “அத ஓட்டறவன் நான்தான். உன்ன மாதிரியே எனக்கும் விரல் கறுத்துச்சு. காத்துக்கிட்டே இருந்தேன். கால் போச்சு.” வேட்டியைத் தூக்கிக் காட்டினார். “நீ பஸ்ஸுக்குக் காத்திருக்காத. உள்ள போ. விரலை எடுத்துடுன்னு நீயே சொல்லு. இன்னைக்கே.”

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் அந்தக் காலையும் தங்கள் காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து டாக்டர் அறையைப் பார்த்து நொண்டிக்கொண்டே நடந்தார்கள்.

தாழ்வாரக் கோடியிலிருந்து நீலச் சட்டைக்காரர் ஓட்டமாக வந்தார். பெனியின் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். “ஐயா, நீங்க வேட்டியைத் தூக்கிக் காட்டினது அனுமதி பெறாத படம்,” என்றார்.

“ஆமாய்யா,” என்றாள் லோசா. “வரையறதுக்கு ஒரு கால் செலவாச்சு. போய் எழுதிக்கோ.”